சூடு ஏறும் வரை

ஸ்டாண்டில் நின்றபடி பைக் உறுமிக்கொண்டிருந்தது. மீட்டரில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன் மட்டும் அசையவே இல்லை.

மெக்கானிக் எஞ்சினை அணைத்தாள்.

பைக் அவள் புருஷனுடையது. அவனோ பட்டறை வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நடந்துகொண்டிருந்தான். வாட்சைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மறுபடி வாட்சைப் பார்த்தான்.

வேறு ஊரில் அவன் அண்ணன் நடத்தும் குடோனில் வேலைக்குச் சேரப் போகிறான். இனிமேல் அங்கேயேதான். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவன், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "சூடாகுது, ஃபேன் ஓடல" என்று தூணிடம் சொன்னான். பெண்டாட்டியோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை.

பட்டறை நிறைய ஆட்கள் இருந்த ஒரு நாள், பில் மேசையிலிருந்து அவன் வேறு ஏதோ டப்பாவை எடுத்து நீட்டிவிட்டான். "ஃபியூஸுக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாத உங்களை வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பட்டறை நடத்துறது!" என்று கத்திவிட்டாள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில், வாடிக்கையாக வரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒருவர். இன்றைக்கும் அவர் தன் ஸ்கூட்டரோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போனது. சொல்லி, அவன் முடியாது என்றுவிட்டால்? அதற்கு வண்டியை ரிப்பேர் பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

ஃபேன் ஒயரைக் கழற்றி, பட்டறை பேட்டரியில் நேராகத் தொட்டாள். விர்ரென்று சுழன்றது.

அவள் சட்டென்று ஒயரை எடுத்துவிட்டாள். ஃபேன் நன்றாக இருக்கிறது என்றால் ரிப்பேர் சின்னது. ரிப்பேர் சின்னது என்றால் அவன் சீக்கிரம் போய்விடுவான்.

அடுத்தது, சூடு ஏறியதும் ஃபேனை ஓட வைக்கும் சுவிட்ச். சாவியைப் போட்டு, அதன் ஒயரைப் பிடுங்கி எஞ்சின் இரும்பில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் சுவிட்ச் மேல் குற்றமில்லை, கரண்டே வந்து சேரவில்லை. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மாற்றிப் பார்த்தாள். அதற்கும் ஃபேன் மசியவில்லை.

"பஸ்ல போயிருந்தா இந்நேரம் பாதி தூரம் தாண்டியிருக்கலாம்" என்றான் அவன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து.

"போறவங்களுக்குப் பஸ்ஸா இல்ல?" என்றாள் அவள், ரேடியேட்டரிடம்.

சொன்ன பிறகு பகீரென்றது. ரோஷம் வந்து நிஜமாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டிவிட்டால்? நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் போகவில்லை. தொட்டிப் பக்கம் நடை மட்டும் இன்னும் வேகமானது.

மிச்சம் இருந்தது ஃபியூஸ் பெட்டி. எந்த மெக்கானிக்கும் முதலில் திறப்பது அதைத்தான். ஆனால் அது சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டின் மேல் அவன் பை இருந்தது.

விடிகாலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில், அவன் போட்டிருந்த அரைகுறை முடிச்சை அவிழ்த்துவிட்டு, பை வழியில் விழாதபடி இறுக்கிக் கட்டியது அவள்தான். அதை மறுபடி தொட மனம் வராமல்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்தாள்.

கயிற்றில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

அது அவள் போட்ட முடிச்சு இல்லை. லேசாக இழுத்ததும் அவிழ்ந்துகொண்டது.

பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சீட்டைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். ஃபியூஸ்கள் வரிசையாக இருந்தன. ஃபேனுக்கு உரிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

எரிந்து போன ஃபியூஸ் கருகி அங்கேயேதான் இருக்கும். இறக்கை முளைத்துப் பறந்து போகாது.

பைக் வாங்கிய புதிதில் இதே பெட்டியைத் திறந்து, எது எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். கொட்டாவி விட்டுக்கொண்டேதான் கேட்டான். இத்தனை ஃபியூஸில் சரியான ஒன்றைப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறான், பாவி!

அதோடு விட்டானா? ஓடுகிற வண்டிக்குக் காற்றே போதும், எஞ்சின் இப்படிச் சூடாகாது. ஒரே இடத்தில் நிறுத்தி வெகு நேரம் ஓடவிட்டால்தான் சிவப்பு விளக்கு எரியும். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நிஜமாகவே சூடு ஏறட்டும் என்று தெருமுனையில் எங்கேயோ பைக்கை உறுமவிட்டுக் காத்து நின்றிருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பைக்குக்குப் பின்னால் குனிந்து மறைத்துக்கொண்டாள்.

பெட்டி மூடியின் உள்பக்கம் கம்பெனி கொடுத்த உபரி ஃபியூஸ் புத்தம் புதிதாக இருந்தது. அவள் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"என்னம்மா, கோளாறு எதுலன்னு தெரிஞ்சுதா?" என்றார் வாத்தியார்.

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தொட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் பிடிபடல சார். எங்க வீட்டுக்காரர்தான் பாக்கணும். இதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

நடை நின்றது.

அவன் மெதுவாக வந்தான். யாரையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனான்.

வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து, தன் ஸ்கூட்டரைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.