நாற்றத்துக்கு ஒரு தீர்மானம்

"அந்தம்மா பேச எழுந்திரிச்சா நான் வெளியே போயிடுவேன்" என்றார் வாலஸ் பெல்கி.

"பேசாம உக்காருங்க. ஓட்டுப் போட வந்துட்டு ஓடிப் போறதா? நல்லா இருக்கு!" மனைவி டோரீன், பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினாள்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய். எல்மர்டன் ஊர்க்கூட்டம்; வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு விதி வகுக்கும் நாள். பள்ளிக்கூட அரங்கத்தில் மடக்கு நாற்காலிகளில் நூற்றைம்பது பேர். பனி தள்ளும் லாரி, பாலம், நூலகக் கூரை என்று காலையிலிருந்து பதின்மூன்று தீர்மானங்களுக்குக் கை தூக்கியாகிவிட்டது. அடுத்தது பதினாலாவது.

அச்சடித்த தாளில் ஒரே வரிதான் இருந்தது. 'பண்ணை நாற்றம், டிராக்டர் இடைஞ்சல் குறித்து ஊர் விதி வகுத்தல். மனு கொடுத்தவர்: ஜூடித் லென்ஸ்னர்.'

போதாதா? இரண்டு வருஷத்துக்கு முன் நகரத்திலிருந்து வந்து, வாலஸின் பண்ணைக்கு நேர் எதிரே வீடு கட்டியவள் அவள். ஏப்ரலில் அவர் வயலுக்குச் சாணிக் கரைசல் அடிக்க ஆரம்பித்தால் போதும், அந்த வீட்டு ஜன்னல்கள் படார் படார் என்று சாத்திக்கொள்ளும்.

ஜனவரியில் கையில் காகிதமும் பேனாவுமாக வந்து இவர் வீட்டுக் கதவையே தட்டினாள். வாலஸ் திறக்கவில்லை. என்னை ஒழிக்க என்கிட்டேயே கையெழுத்தா, என்ன நெஞ்சழுத்தம் என்று முணுமுணுத்தபடி பின்வாசல் வழியாக மாட்டுக் கொட்டகைக்கு நழுவிவிட்டார்.

ஊரில் மிச்சமிருக்கும் பால் பண்ணை அவருடையது ஒன்றுதான். அறுபது மாடு. எருவடிக்கத் தடை வந்தால் தீவனச் சோளம் விளையாது. சோளம் இல்லாமல் மாடு எங்கே? மகள் கொரின், பண்ணையை நானே நடத்துகிறேன் என்று நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து நாலு மாசம்தான் ஆகிறது. இன்றைக்குத் தோற்றால் கோடைக்குள் மாடுகளை விற்றுவிடுவது என்று வாலஸ் முடிவு கட்டியிருந்தார்.

"வாலஸ்! இனிமே மாட்டுக்கெல்லாம் சென்ட் அடிச்சு விட்டுடு!" பின்வரிசையிலிருந்து கிளிஃப் கத்தினான். பால் லாரி ஓட்டுகிறவன். நாலு பேர் சிரித்தார்கள். வாலஸ் சிரிக்கவில்லை.

ஜூடித் ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றாள்.

"பெல்கி பண்ணைக்கு எதிர்வீடு என்னோடது. ஏப்ரல்ல நான் காப்பி குடிச்சாக்கூட சாணி வாசனைதான். திரைச்சீலையை மூணு தடவை துவைச்சுப் பாத்துட்டேன், போகலை. ஊர்ந்து போற டிராக்டருக்குப் பின்னாடி கார்ல மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக் கோட்டை விட்டிருக்கேன்."

"பிடிக்கலைன்னா மூட்டையைக் கட்டு!" என்று ஒரு குரல். கூட்டத் தலைவர் சுத்தியலால் மேஜையைத் தட்டினார்.

பக்கத்திலிருந்த கொரின் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதனால நான் கேக்கறது இதுதான்." ஜூடித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "'இனி இந்த ஊரில் வீடு வாங்கும் ஒவ்வொருவரும் கீழ்க்கண்டவாறு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் பண்ணை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாறும். சத்தம் வரும். டிராக்டருக்குப் பின்னால் பொறுமையாகப் போவேன். புகார் செய்ய மாட்டேன்.'"

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார் தலைவர். படித்தாள்.

"அப்போ நாத்தத்தை நிறுத்தச் சொல்லலையா?" கிளிஃப்தான் கேட்டான்.

"இல்லை. நாளைக்கு என்னை மாதிரி நாலு பேர் குடிவந்து, நாறுதுன்னு கேஸ் போட்டா பெல்கி பண்ணையைப் பாப்பாரா, கோர்ட்டைப் பாப்பாரா? முன்னாடியே எங்க வாயைக் கட்டிடுங்க."

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

வாலஸ் திரும்பிப் பார்த்தார். அம்மாடியோ! எத்தனை கை! நூலகக்காரி, கிளிஃப், மூட்டையைக் கட்டு என்று கத்தியவன், மேட்டுத் தெருவில் புதிதாக வந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும். ஒரு பாலத்துக்கே இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்ட ஊர் இது. டோரீன் ஊசியோடு கையைத் தூக்கியிருந்தாள். இத்தனை பேருக்கு நாம் வேண்டியிருக்கிறோமா என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தார் வாலஸ். கை தூக்கவே மறந்துவிட்டார். கொரின்தான் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"எதிர்ப்பு?"

ஒரு கைகூட இல்லை.

மதியச் சாப்பாட்டு வரிசையில் ஜூடித் பீன்ஸ் தட்டோடு நின்றாள். வாலஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"அன்னிக்குக் கதவைத் தட்டினீங்களே... நான் உள்ளேதான் இருந்தேன்."

"தெரியும். பின்பக்கமா நீங்க ஓடினதைப் பாத்தேன்."

வாலஸுக்கு முகம் சிவந்தது. "மன்னிச்சுக்குங்க. நாத்தம் உங்களுக்கும்தானே? எங்களுக்காக எதுக்கு இவ்வளவு?"

"முன்னே நகரத்து ஓரத்துல நாங்க இருந்த இடத்துலயும் எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு பண்ணை. நாப்பது மாடு. நாத்தம் தாங்கலைன்னு தெருவே சேந்து மனு கொடுத்தோம். ரெண்டே வருஷம், அந்த மனுஷன் எல்லாத்தையும் வித்துட்டுப் போயிட்டார். இப்போ அங்கே எண்பது வீடு. ஒரு சொட்டுப் பால் கிடையாது."

"அடப்பாவமே! யாரு அப்படி ஒரு மனு எழுதினது?"

ஜூடித் தட்டை மேஜையில் வைத்தாள்.

"நான்தான், மிஸ்டர் பெல்கி."