பெயரில்லாத நான்காவது

பாரதி முதலில் கதவைத் தாழிட்டாள். பிறகு சன்னல்களைச் சாத்தி, திரைகளையும் இழுத்துவிட்டாள். வெளியே சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை.

"அவன் வெளியதானடி இருப்பான்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வெளியவோ, கீழயோ. ஆனா உன் வூட்டு நெட்டுல ஒக்காந்திருக்கான். அது நிச்சயம்" என்றாள் ஃப்ளோரா, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃப்ளோரா ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள். பாரதியின் கூடப் படித்தவள். இன்று அவள் வந்தது வேறு காரியத்துக்கு.

பாரதி தினமும் சாயங்காலம் பீங்கான் பொம்மைகளைப் போனில் நேரலையாகக் காட்டி விற்பாள். கொஞ்ச நாளாகப் படம் பாதியில் நின்றுவிடுகிறது. நேற்று பிள்ளையார் ஒருவரைத் தூக்கிக் காட்டியவள் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள்.

"ரௌட்டருல உன் போனுக்கு மொத எடத்தக் குடுத்துட்டாப் போதும். மத்ததெல்லாம் பின்னாடி வரிசையில நிக்கும்" என்று சொல்லித்தான் ஃப்ளோரா வேலையை ஆரம்பித்தாள். இணைப்பில் இருப்பவை எல்லாம் திரையில் வந்தன. பாரதியின் போன், மடிக்கணினி, டிவி. அதற்கும் கீழே நான்காவதாக ஒன்று. அதற்குப் பெயர் இல்லை.

"இது யாருதுடி?"

"தெரியலையே. நான் யாருக்கும் பாஸ்வேர்டு குடுக்கலையே."

ஃப்ளோரா எதையோ தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது எதையும் வாங்கலடி. அனுப்பிக்கிட்டே இருக்குது. வீடியோ மாரி ஏதோ போவுது."

செராமிக் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில், மாடிவீட்டில் பாரதி தனியாகத்தான் இருக்கிறாள். கணவன் அன்பரசன் மஸ்கட்டில். போன லீவில் வந்தபோது, "தனியா இருக்க, நெட்டாவது இருக்கட்டும்" என்று அவன்தான் இணைப்பு போட்டுக்கொடுத்தான். ஒயர் இழுக்க வந்த குருமூர்த்தி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணன் போயிட்டா நீங்க மட்டுந்தானா இங்க?" என்று கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. பாஸ்வேர்டு போட்டவனும் அவன்தான்.

திடீரென்று போன் அடித்தது. இருவரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். நல்லூரிலிருந்து மாமியார் சொர்ணாம்பாள்.

"மத்தியானம் சாப்புட்டியாம்மா?"

"ஆச்சு அத்த."

"நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுக்காத. ஒடம்புல ஒட்டாது. செத்த குந்தி சாப்புடு."

"சரிங்க அத்த."

பாரதி போனை வைத்ததும் ஃப்ளோரா பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவடி நீ. எம் மாமியாரு சாப்புட்டியான்னு கேட்டதே இல்ல. எவ்ளோ சாப்புட்டன்னுதான் கேக்கும்."

பாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரருக்குப் போனப் போட்டுச் சொல்லேன்."

"வேணாம். அவரு பயந்து போயிடுவாரு. அங்க தூங்கவே மாட்டாரு."

"அப்ப பாஸ்வேர்ட மாத்திடுறேன். வுட்டுது சனியன்."

"மாத்தினா யாருன்னே தெரியாமப் போயிடுமேடி" என்றாள் பாரதி. "யாரு பாக்குறான்னு தெரியாம இந்த வூட்டுல நான் எப்பிடிக் குளிக்கிறது, எப்பிடிப் படுக்கிறது?"

ஃப்ளோரா மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சரி, தொரத்த வேணாம். தவிக்க வுடுவோம்."

பாரதியின் போனை வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோனாள். பெயரில்லாததைக் கடைசியில் தள்ளி, சொட்டுச் சொட்டாகப் போகிற அளவுக்கு அதன் வேகத்தைக் குறைத்தாள். "இனிமே அவனுக்கு ஒண்ணும் ஒழுங்காப் போவாது. நெட்டுதான் சரியில்லன்னு நெனப்பான். தாங்க முடியாம அவனே வாயத் தொறப்பான் பாரு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

கீழே ஒரு பைக் வந்து நின்றது. பாரதி எழுந்து போய்த் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். குருமூர்த்தி. கையில் ஒயர்ச் சுருளோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டான்டி. மேலயே பாக்குறான்." திரும்பி வந்து ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வரட்டும். மொளகாப்பொடி எங்க வச்சிருக்க?"

மாடிப்படியில் காலடி கேட்கிறதா என்று இருவரும் மூச்சை அடக்கிக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கேட்கவில்லை. பைக் கிளம்பித் தெருக்கோடி வரை போய் ஓய்ந்தது. அவன் போய்விட்டானா, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருகிறானா?

மறுபடியும் போன் அடித்தது. பாரதி பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அப்பாடா, அத்ததான்."

தெரிந்த ஒரு குரலைக் கேட்கப்போகிறோம் என்பதிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க அத்த" என்றாள்.

"நெட்டு எதுனா சரியில்லையாம்மா? பக்கத்துல குந்தியிருக்கிற பொண்ணு மூஞ்சே தெரிய மாட்டேங்குது."