சேலையின் மறுமுனை

கதவை மூடிவிட்டால் சேலையின் மறுமுனையை நான் யாருக்காகப் பிடிப்பேன்? விமலகுமாரி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. உதியன்குளங்கரைச் சந்திப்பில் இருக்கும் அவளுடைய துணிக்கடையில், ஏசிக்காரன் ஷிஜு கூரையை அண்ணாந்து பார்த்து அளவெடுக்கிறான். "கூரையில பதிக்கிற கேசட் ஏசி போதும் ஆன்ட்டி. ஆனா வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வச்சு எப்பளும் அடைச்சிரணும்." கல்லாமேசையில் சாய்த்து வைத்த போனில், துபாயிலிருந்து மகன் சிபி சிரிக்கிறான். "சம்மதிச்சிரும்மா. பின்ன கடைக்குள்ள ஊட்டியாக்கும்." வெளியே ஒரு பஸ் புழுதியை இறைத்துவிட்டுப் போகிறது. குன்னத்துகாலிலிருந்து வந்த பெண் ஒருத்தி, டியூப் லைட்டை நம்பாமல், ஊதாச் சேலையின் நிறம் பார்க்க அதை வாசல் வெயிலுக்கு இழுத்துப் போகிறாள். மறுமுனையைப் பிடித்தபடி விமலகுமாரியும் போகிறாள். வெயில் பட்டதும் ஊதாவுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு எழுகிறது. அந்தப் பெண் சேலையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறாள். "அக்காளுக்க கண்ணு எதுக்கு வீங்கிக் கெடக்கு? ஒறக்கம் இல்லியா?" வீட்டில் இதைக் கேட்க யாரும் இல்லை. போனில் சிபியும் கேட்கவில்லை. "அப்போ கேசட்டை உறப்பிக்கட்டா ஆன்ட்டி? ஆர்டர் குடுத்திரட்டா?" உள்ளிருந்து ஷிஜு குரல் கொடுக்கிறான். "வேண்டாம் மக்கா," என்கிறாள் விமலகுமாரி, சேலையை விடாமல். "ஃபேன் உண்டுல்லா."