பத்து நொடி

பழைய லேப்டாப்பில் பூரணி எழுதிய புரோகிராமை ஓடவிட்டால் முடிய இருபது நிமிடமாகும். அதற்குள் கீழே போய் டீ குடித்து, ஊர்வம்பெல்லாம் பேசிவிட்டு வரலாம். கம்பெனி கொடுத்த புதிய லேப்டாப் பத்தே நொடியில் முடித்துத் தொலைக்கிறது. மேனேஜர் கனகசபை எதிரிலேயே உட்கார்ந்திருக்க, காரணமில்லாமல் எப்படி எழுந்து போவது? பக்கத்து சீட் ஜெபசிங்கின் ஓட்டை லேப்டாப் லாரி மாதிரி இரைய ஆரம்பித்தது. "ஓட ஆரம்பிச்சிருச்சு, வாங்கப்பா" என்று அவன் எழுந்ததும் நாலு பேர் எழுந்தார்கள். "பூரணி, நீ... ஓ, உனக்குத்தான் முடிஞ்சிருக்குமே. கொடுத்து வச்சவ!" அந்த இரைச்சலைக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாள், சூடேறினாலாவது வேகம் குறையுமா என்று தன் லேப்டாப்பின் காற்றுத் துளைகளைத் துப்பட்டாவால் பொத்திப் பார்த்தாள். பன்னிரண்டு நொடியானது. அதற்கு மேல் பொறுக்கமாட்டாமல், லேப்டாப் கொடுக்கும் பிரிவுக்குப் போய், "அண்ணா, என் பழசையே குடுத்துடுங்க" என்று கெஞ்சினாள்.

"அதை நேத்தே உங்க மேனேஜர் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே டீக்கடை பெஞ்சில், ஜெபசிங்குக்குப் பக்கத்தில், கனகசபை சாவகாசமாக இரண்டாவது டீக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.