எட்டு வயதுக்கு ஒரு தூண்டில்

கடையிலேயே நீளமான தூண்டில் கம்பைத்தான் அவன் முதலில் எடுத்தான்.

அதன் நுனி ஓடாமல் நின்ற மின்விசிறியில் போய்த் தட்டியது. பதறி இறக்கினான். நரம்பு சுற்றும் ரீலை மேல்பக்கம் வைத்துப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தான். பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனுக்குத் தூண்டிலைப் பற்றி என்ன தெரியும்?

கடைக்காரர் எழுந்து வந்தார். கம்பை அவன் கையிலேயே புரட்டினார். ரீல் கீழே தொங்கியது. அதுதான் சரியான பக்கமாம்.

காலையிலிருந்து மூன்று முறை இந்தக் கடை வாசலைக் கடந்துவிட்டான். நாலாவது முறைதான் கால் உள்ளே வந்தது.

"பொண்ணுக்கு. ஞாயித்துக்கிழமை எட்டு வயசு முடியுது. இதுவரைக்கும் தூண்டிலைத் தொட்டதில்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

எட்டு வயது முடிந்ததும் தூண்டில் போடச் சொல்லித் தருகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தவள் அவன் மனைவி. அவளுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். பத்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகள் மறக்கவில்லை. காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அன்றைக்கு ஏமாந்தாள் என்றால், அம்மா சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்று ஆகிவிடும். அதை மட்டும் அவனால் தாங்க முடியாது.

இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. அவளுடைய அம்மா சொல்லித் தருவதாக இருந்தாள் என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

அம்மா எங்கே என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டது வேறு. பிள்ளையின் உயரம் என்ன?

சட்டைப்பைக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினான். கைக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். கம்பு அளவுக்கு அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு அவன் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு ஐந்தடிக் கம்பு ஒன்றை உருவினார். நுனி நன்றாக வளைகிற ரகம். விரல் நீள மீன் இழுத்தாலும் கைக்குத் தெரியும், பிள்ளைக்குச் சலிக்காது.

எந்தக் கையால் எழுதுவாள்?

இடது கை என்றான். கடைக்காரர் ரீலைச் சுற்றும் பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். ஆனாலும் திருகாணி இரண்டு முறை கை நழுவிக் கீழே விழுந்தது.

கேள்விகள் நிற்கவில்லை. பொறுமை உண்டா? ஐந்து நிமிடம் தாங்கும். தண்ணீரைக் கண்டால் பயமா? பயம் அப்பாவுக்குத்தான். கோபம்? மூக்குக்கு மேல் வரும். கோபம் வந்தால் அழுவாளா?

"அழ மாட்டா. மூணு நாளானாலும் வாயைத் திறக்க மாட்டா. அவ்வளவு வீம்பு."

கடைக்காரர் ஒரு டஜன் தூண்டில் முள் எடுத்தார். முள் நுனியில் மீன் கழன்று போகாமல் இருக்க எதிர்த்திசையில் ஒரு சின்னக் கூர் இருக்கும். அதை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கினார். இனி பிள்ளையின் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றிவிடலாம்.

எதைக் கேட்டாலும் சொல்வது என்றுதான் அவன் வந்திருந்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளின் முதல் தூண்டில் என்றால் கைப்பிடியில் பெயர் எழுதித் தருவார்கள். கரையில் நாலு பேருடைய தூண்டிலோடு மாறிப் போகாது. கடைக்காரர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மூடினார், மறுபடியும் கழற்றினார்.

"பேரு?"

இந்த ஒரு கேள்விக்காக அவன் மனைவி சாகும்வரை காத்திருந்தாள். பிள்ளை பிறந்ததும் தன் அப்பாவுக்குக் கடிதம் போட்டாள். எத்தனையோ தடவை போன் செய்தாள். ஒருமுறை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தக் கடைக்கு எதிரிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் செத்தவளுக்குச் சமம் என்று சொன்ன மனிதர் கடைசிவரை அசையவில்லை. அவளைப் புதைத்த அன்றைக்கு மட்டும் கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமலே போய்விட்டார்.

இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். அவன் கடைக்குள் கால் வைத்ததிலிருந்தே தெரியும்.

அவன் பெயரைச் சொன்னான். பேனா அப்படியே நின்றது.

"உங்க அம்மா பேருதான், மாமா. அவதான் இந்தப் பேருதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

மூன்றே எழுத்துப் பெயர். எழுதி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மை காயட்டும் என்று ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும், மாப்பிள்ளை?"

அவன் ஆறு விரலைக் காட்டினான்.