பெரிய கார்டின் இரைச்சல்

மழை மூடிய மத்தியானம். அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, மகள் லேப்டாப்பில் ஒரு கட்டடத்தின் படத்துக்கு வெயிலும் நிழலும் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெரிய கிராபிக்ஸ் கார்டு சூடேறி, விசிறி இரைகிறது. "என்னைவிட மோசமா மூச்சு வாங்குதே இந்தச் சனியன், நிறுத்தும்மா," என்கிறார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "லினக்ஸ்ப்பா, சத்தம் போடாத சின்ன கிராபிக்ஸுக்கு நினைச்சவுடனே மாறாது. அணைச்சுப் போடணும். இந்தச் சுவர் முடியட்டும்." சுவர் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. பிறகு, உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு மாறச்சொல்லிக் கட்டளை அடித்து, லேப்டாப்பை அணைத்துப் போடுகிறாள். கறுத்த திரையில் அவள் முகம் தெரிந்து மறைகிறது. விசிறி அடங்கிவிட்டது, ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கிறது. "நின்னுடுச்சுப்பா," என்கிறாள், திரும்பாமலே. பதில் இல்லை. இவ்வளவு நேரமும் அவர் மூச்சென்று அவள் நம்பியிருந்தது அந்த விசிறியைத்தான்.