உயரத்தில் எறிந்த ஜெர்சி

ஜெபராணி தண்ணீர்ப் பாட்டிலை இடது கையால் எடுக்கத் தொடங்கி ஒன்பது நாளாகிறது. அதைக் கவனித்தவர் வாலிபால் கோச் அருமைநாயகம் மட்டும்தான். மூன்று மாதமாக வலிக்கு ஊசி போட்டு அவளை ஆடவைத்தவரும் அவர்தான். வலது தோள் போய்விட்டது. பத்திரிகைகள் அவளை வருங்கால நட்சத்திரம் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறு அணிக்குக் கைமாற்றிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. எதிரணி மேனேஜர் குலசேகரன் பதிலுக்குத் தன் கேப்டனையே தர ஒப்புக்கொண்டு, புது ஜெர்சியோடு வந்திருந்தார்.

“பத்தொன்பது வயசுப் பொண்ண எதுக்கு சார் விடுறீங்க?”

“திமிர் ஜாஸ்தி. இனி நீங்களே கட்டி மேய்ங்க.”

ஜெபராணி அவரை முறைத்தாள்.

குலசேகரன் சிரித்தபடி ஜெர்சியைச் சுருட்டி அவள் தலைக்கு மேலே உயரமாக எறிந்தார். “பிடிம்மா, பாப்போம்!”

எந்தப் பந்தையும் விடாதவள் அசையாமல் நின்றாள். ஜெர்சி அருமைநாயகத்தின் காலடியில் விழுந்தது. குலசேகரனின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“எடுங்க சார்” என்றாள் ஜெபராணி. “நீங்களே மாட்டி விடுங்க. ஊசி போட்ட இடம் உங்களுக்குத்தான தெரியும்.”